புல்லை வெட்டுவதற்கும் ஒரு கணக்கு உண்டு
வீட்டுப் புல்தரை ஏன் மஞ்சளாகிறது? எந்த இயந்திரம் ஏற்றது? தரையைக் கீறிவிடுவது எதற்காக?

மாதத்துக்கு ஒருமுறை அவர் வருகிறார். முதுகில் இயந்திரம், முகத்தில் துணி, காலில் ரப்பர் பூட்ஸ். அரை மணி நேரம் தாமான் முழுதும் கேட்கும் இரைச்சலுக்குப் பிறகு உங்கள் வீட்டு வாசல் சுத்தமாகிவிடுகிறது. கணுக்கால் உயரம் வளர்ந்திருந்த புல் இப்போது தரையோடு தரையாகக் கிடக்கிறது. கூலியை வாங்கிக்கொண்டு அவர் அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறார்.

இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் புல்தரை பச்சையாக இல்லை, வைக்கோல் நிறமாக இருக்கிறது. வெயில் அதிகம் என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள். உரம் போதவில்லை என்று நினைத்துக் கடையில் ஒரு பொட்டலம் வாங்கித் தூவுகிறீர்கள். மூன்று வாரத்தில் மெல்லப் பச்சை திரும்புகிறது. மறுபடியும் அவர் வருகிறார், மறுபடியும் மஞ்சள். ஓரிரு ஆண்டில் ஆங்காங்கே மண் தெரிய ஆரம்பிக்கிறது. தொட்டாற்சிணுங்கியும் கோரையும் அந்த இடங்களைப் பிடித்துக்கொள்கின்றன. கடைசியில் பழைய புல்லைப் பெயர்த்துவிட்டுப் புதுப் புல் பாய் விரிக்கப் பணம் செலவழிக்கிறீர்கள்.

இதில் வெயிலையும் உரத்தையும் குறை சொல்வதற்கு முன், வெட்டிய உயரத்தையும் வெட்டிய கத்தியையும் பார்க்க வேண்டும். புல்தரை நலிவதற்குப் பெரும்பாலும் இந்த இரண்டுமே காரணம். மூன்றாவதாக ஒன்று உண்டு. அது பச்சைக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. மூன்றையும் வரிசையாகப் பார்ப்போம்.

புல் அடியிலிருந்து வளர்கிறது

ஒரு மாங்கன்றின் நுனியை வெட்டினால் அந்த நுனி மீண்டும் வளராது. பக்கத்து மொட்டுதான் கிளைவிடும். புல் அப்படியல்ல. அதன் இலையை உண்டாக்கும் ஆக்குத்திசு இலையின் நுனியில் இல்லை, அடியில் இருக்கிறது. நெற்பயிரில் நாம் தூர் என்று சொல்லும் பகுதிதான் புல்லுக்கும் உயிர்நிலை. அது மண்ணை ஒட்டி இருக்கிறது. மாடு மேய்ந்தாலும் கத்தி வெட்டினாலும் மேலே உள்ள பழைய இலைதான் போகிறது. அடியிலிருந்து இலை மேலே தள்ளப்பட்டு வந்துகொண்டே இருக்கும்.

ஆனால் இந்தத் திறனுக்கும் எல்லை உண்டு. இலைதான் புல்லின் சமையலறை. ஒளிச்சேர்க்கை மூலம் அங்கே தயாராகும் சர்க்கரைதான் வேருக்குப் போகிறது. ஒரேயடியாகப் பெரும்பகுதி இலையை எடுத்துவிட்டால், தூரிலும் தண்டிலும் சேமித்து வைத்திருக்கும் உணவைக் கொண்டு புல் முதலில் புது இலையை உண்டாக்கும். அதுவரை வேருக்கு எதுவும் கிடைக்காது. வேர் வளர்ச்சி நின்றுவிடும். அமெரிக்க வேளாண் துறை 1955-இல் வெளியிட்ட ஆய்வொன்றில் பிராங்க்ளின் கிரைடர் என்பவர் இதை விரிவாகப் பதிவு செய்தார். இலைப்பகுதியில் பாதிக்கு மேல் ஒரே தடவையில் வெட்டப்பட்டபோது, அவர் சோதித்த பெரும்பாலான புல்வகைகளில் வேர் வளர்ச்சி பல நாட்களுக்கு நின்றுபோனது. எவ்வளவு அதிகம் வெட்டினாரோ அவ்வளவு நாள் அதிகமாக வேர் முடங்கியது.

இதிலிருந்துதான் புல்தரை பராமரிப்பில் எல்லாரும் சொல்லும் மூன்றில் ஒரு பங்கு விதி வலுப்பெற்றது. எந்தத் தடவையும் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. புல் 4 சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்று விரும்பினால், அது 6 சென்டிமீட்டர் ஆனவுடன் வெட்ட வேண்டும். 12 சென்டிமீட்டர் வரை விட்டுவிட்டு 2 சென்டிமீட்டருக்கு இறக்குவது ஆறில் ஐந்து பங்கை எடுப்பதாகும்.

அந்த மஞ்சள் நிறமும் இதனால்தான். உயரமாக வளர்ந்த புல்லின் கீழ்ப்பகுதிக்கு வெளிச்சம் கிடைப்பதில்லை. அங்கே பச்சையம் குறைவு. வெறும் தண்டும் காய்ந்த பழைய இலையும்தான் இருக்கும். மேலே உள்ள பச்சையை வழித்து எடுத்தவுடன் அந்த வெளிறிய அடிப்பகுதி வெளியே தெரிகிறது. அதே நேரத்தில் மண்ணில் வெயில் படுகிறது. வெளிச்சத்துக்காகக் காத்திருந்த களை விதைகள் முளைக்கின்றன.

நம் வாசலில் இருப்பது எந்தப் புல்?

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வீட்டு வாசல்களில் அதிகம் காணப்படுவது அகன்ற இலையுள்ள கௌ கிராஸ். மலாயில் ரும்புட் பாரிட் என்பார்கள். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த இந்தப் புல் நம் புளிப்பு மண்ணையும் ஓரளவு நிழலையும் தாங்கும். இது தரைக்கு மேலே ஓடும் ஓடுதண்டுகளால் பரவுகிறது. வீட்டில் 4 முதல் 5 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்திருப்பது நல்லது. மர நிழலில் இருந்தால் இன்னும் ஒரு சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளலாம். வெளிச்சம் குறைவான இடத்தில் இலை அதிகம் இருந்தால்தான் பிழைக்கும்.

இரண்டாவது, ஊசிபோல் மெல்லிய இலையுடன் கம்பளம் விரித்ததுபோல் இருக்கும் சோய்சியா. பிலிப்பைன்ஸ் புல், மணிலா புல் என்ற பெயர்களில் விற்கப்படுகிறது. இது 2 முதல் 4 சென்டிமீட்டர் உயரத்தில் அழகாக இருக்கும். மெதுவாக வளரும். ஆனால் நாரும் சிலிக்காவும் மிகுந்த கடினமான இலை என்பதால் கத்தியை விரைவில் மழுங்கடித்துவிடும்.

மூன்றாவது நமக்குப் பழக்கமான அருகம்புல். பிள்ளையாருக்கு மாலையாகப் போடும் அதே இனம்தான் உலகம் முழுவதும் பெர்முடா புல் என்ற பெயரில் கோல்ஃப் திடல்களிலும் காற்பந்துத் திடல்களிலும் இருக்கிறது. அருகுபோல் வேரோடி வாழ வேண்டும் என்று பெரியவர்கள் வாழ்த்துவது சும்மா இல்லை. அருகு தரைக்கு மேலே ஓடுதண்டாலும் மண்ணுக்கு அடியில் நிலத்தடித் தண்டாலும் பரவும். சோய்சியாவும் அப்படித்தான். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கீறிவிடுதல் பற்றிப் பேசும்போது இது தேவைப்படும்.

மூன்று இயந்திரங்கள், மூன்று வழிகள்

புல்வெட்டும் இயந்திரத்துக்கு முதல் காப்புரிமை 1830 ஆகஸ்டு 31-இல் பெறப்பட்டது. மலேசியர்களுக்கு எளிதில் நினைவில் நிற்கும் தேதி. இங்கிலாந்தின் கிளௌஸ்டர்ஷயர் மாவட்டத்தில் ஸ்ட்ரௌட் என்னும் ஊரைச் சேர்ந்த எட்வின் பட்டிங் அதை உருவாக்கினார். அந்த வட்டாரம் கம்பளித் துணி ஆலைகளுக்குப் பெயர் பெற்றது. நெய்த துணியின் மேல் எழுந்து நிற்கும் நூல்முடிகளைச் சீராகக் கத்தரிக்கச் சுருள் கத்திகள் பொருத்திய உருளை ஒன்று ஆலைகளில் இருந்தது. துணியைக் கத்தரிக்கும் உருளை புல்லையும் கத்தரிக்காதா என்று பட்டிங் யோசித்தார். அதற்கு முன் புல்தரை வைத்திருந்த செல்வர்கள் நீண்ட அரிவாளோடு ஆட்களை வைத்து வெட்டினார்கள், அல்லது ஆடுகளை மேயவிட்டார்கள்.

பட்டிங்கின் உருளைக் கத்தி இயந்திரம் கத்தரிக்கோல் வேலை செய்வதைப் போன்றது. சுழலும் கத்தி, அசையாத அடிக்கத்தி என இரண்டுக்கும் நடுவில் புல் சிக்கி நறுக்கென்று வெட்டுப்படுகிறது. இன்றும் கோல்ஃப் திடல்களிலும் கிரிக்கெட் ஆடுகளங்களிலும் இதுதான். வெட்டு மிகச் சுத்தமாக இருக்கும். ஆனால் உயரமாக வளர்ந்துவிட்ட புல்லை இது வெட்டாது, மடக்கிவிட்டுப் போகும். வாரம் ஒருமுறை தவறாமல் வெட்டுபவருக்கே பயன்படும்.

இரண்டாவது வகை, தரைக்கு இணையாக ஒரு தகடு வேகமாகச் சுழலும் இயந்திரம். இதைப் பரவலாக்கியவர்களில் முக்கியமானவர் சிட்னியைச் சேர்ந்த மெர்வின் ரிச்சர்ட்சன். 1952-இல் தம் வீட்டுக் கொட்டகையில் அவர் செய்த முதல் இயந்திரத்தில் எரிபொருள் கலனாக இருந்தது பீச் பழம் அடைத்த காலி டின். இந்த வகையில் கத்தரிப்பு இல்லை. தகட்டின் வேகமே புல்லை அறுக்கிறது. 46 சென்டிமீட்டர் தகடு நிமிடத்துக்கு 3,000 முறை சுற்றினால் அதன் நுனி மணிக்கு ஏறக்குறைய 260 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது. முனை கூராக இருந்தால் வெட்டு நன்றாக இருக்கும். மழுங்கியிருந்தால் புல்லை அறுக்காமல் பிய்க்கும்.

மூன்றாவது, முதுகில் மாட்டிக்கொள்ளும் நூல் இயந்திரம். நம் நாட்டில் பெரும்பாலான வீடுகளுக்கும் சாலையோரங்களுக்கும் வருவது இதுதான். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஜார்ஜ் பாலஸ் என்பவர், கார் கழுவும் நிலையத்தில் சுழலும் தூரிகைகளைப் பார்த்தபோது 1971-இல் இந்த யோசனை பிறந்தது. பாப்கார்ன் டின்னில் துளையிட்டு, மீன்பிடி நூலைக் கோத்து, அதைச் சுழலவிட்டுச் சோதித்தார். மேடு பள்ளம், வடிகால் ஓரம், மரத்தடி என எங்கும் இது போகும். குறை என்னவென்றால், இதில் உயரத்தைக் கட்டுப்படுத்தச் சக்கரம் இல்லை. வெட்டுபவரின் கைதான் அளவுகோல். வெயிலில் பத்து வீடு முடிக்க வேண்டியவர் அடுத்த மாதம்வரை தாங்கட்டும் என்று தரையோடு வழித்துவிடுவது இயல்பு. நூலின் வெட்டும் அறுப்பாக இல்லாமல் அடித்துக் கிழிப்பதாகவே இருக்கும்.

கத்தி மழுங்கினால் என்ன ஆகும்?

வெட்டிய மறுநாள் ஒரு புல் இலையைக் கிள்ளி எடுத்து நுனியைப் பாருங்கள். நேர்க்கோடாக இருந்தால் கத்தி கூராக இருக்கிறது. நார் நாராகப் பிரிந்து வெளுத்திருந்தால் கத்தி மழுங்கிவிட்டது. கிழிந்த நுனியில் காயத்தின் பரப்பு அதிகம். அதன் வழியே நீர் கூடுதலாக ஆவியாகிறது. பூஞ்சைக்கும் கதவு திறக்கிறது. நம்மைப் போன்ற ஈரப்பதமான நாட்டில் அது சிறிய விஷயமல்ல.

சுழல்தகட்டை 20 முதல் 25 மணி நேர வேலைக்கு ஒருமுறை தீட்ட வேண்டும் என்பது பொதுவான அளவு. சோய்சியா என்றால் இன்னும் முன்னதாகவே. உருளைக் கத்திக்கு எளிய சோதனை உண்டு. இந்தப் பத்திரிகைத் தாளிலிருந்து ஒரு கீற்றை எடுத்து அடிக்கத்தியின் மேல் வைத்து, தடித்த கையுறை போட்டுக்கொண்டு உருளையை மெதுவாகக் கையால் திருப்புங்கள். தாள் சுத்தமாக நறுக்கப்பட்டால் சரி. மடிந்துகொண்டால் இரண்டு கத்திகளுக்கும் இடையிலான இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும்.

வாங்கப் போகிறீர்களா?

முதலில் உங்கள் புல்தரையை அளந்துபாருங்கள். தாமான் வரிசை வீட்டின் முன் இருப்பது 20 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 30 சென்டிமீட்டர் அகலம் வெட்டும் கைத்தள்ளு உருளை இயந்திரத்தோடு நீங்கள் நடக்க வேண்டிய தூரம் சுமார் 67 மீட்டர்தான். அதற்குப் பெட்ரோல் இயந்திரம் தேவையே இல்லை. சோய்சியா அல்லது குட்டையான கௌ கிராஸ் இருந்து, வாரம் பத்து நிமிடம் ஒதுக்க முடியும் என்றால், சத்தமில்லாத புகையில்லாத கைத்தள்ளு இயந்திரமே போதும். உயரத்தை எதுவரை கூட்ட முடியும் என்று மட்டும் கடையில் கேட்டுவிடுங்கள். சில இயந்திரங்கள் 4 சென்டிமீட்டரைத் தாண்டாது. கௌ கிராஸுக்கு அது பற்றாது.

சில நாள் தவறிவிடும், புல் வளர்ந்துவிடும் என்றால் 32 முதல் 40 சென்டிமீட்டர் அகலமுள்ள பேட்டரி சுழல்தகடு இயந்திரம் பொருத்தமானது. மூலைவீடு, பங்களா என 200 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் 46 சென்டிமீட்டர் அகலமும் கூடுதல் சக்தியும் வேண்டும். மின்கம்பி இணைத்து ஓட்டும் இயந்திரம் விலை குறைவு. ஆனால் ஈரப் புல்லில் ஓட்டக் கூடாது, கம்பியைத் தகடு வெட்டிவிடாமல் கவனமாக இருக்க வேண்டும். தினமும் மழை பெய்யும் மாதங்களில் இது பெரிய இடைஞ்சல். இருவீச்சு பெட்ரோல் இயந்திரங்களில் எரிபொருளின் ஒரு பகுதி எரியாமலேயே புகையோடு வெளியேறுகிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எதை வாங்கினாலும் ஓரங்களுக்கு ஒரு சிறிய நூல் இயந்திரம் தேவைப்படலாம். அதை மரத்தடியில் பயன்படுத்தும்போது எச்சரிக்கை வேண்டும். இளம் மரத்தின் பட்டையைச் சுற்றிலும் நூல் கிழித்துவிட்டால், இலையிலிருந்து வேருக்கு உணவு செல்லும் பாதை அறுந்துவிடும். மரம் சில மாதங்களில் பட்டுப்போகும்.

கண்ணைக் காப்பது முதல் வேலை

நூல் இயந்திரம் நிமிடத்துக்கு 6,000 முறை சுற்றுவதாகவும் நூல் 20 சென்டிமீட்டர் நீட்டியிருப்பதாகவும் கொண்டால், அதன் முனை மணிக்கு 450 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதில் பட்ட சிறு கல் தோட்டாபோல் பறக்கும். கார் கண்ணாடி உடைந்த கதை எல்லாத் தாமானிலும் உண்டு. கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும். வெட்டத் தொடங்குமுன் கல், கம்பி, பிளாஸ்டிக் ஆகியவற்றைப் பொறுக்கிவிடுங்கள். பிள்ளைகளையும் செல்லப் பிராணிகளையும் வீட்டுக்குள் அனுப்பிவிடுங்கள். காலணியின் முன்பக்கம் மூடியிருக்க வேண்டும். சிலிப்பர் போட்டுக்கொண்டு இயந்திரத்தைத் தொடக் கூடாது.

உங்கள் வீட்டுக்கு வந்து வெட்டுபவர் சாதாரணத் துணியை மட்டும் முகத்தில் சுற்றியிருந்தால், ஒரு பாதுகாப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள். அதன் விலை உங்கள் ஒரு மாதப் புல்வெட்டுக் கூலியைவிடக் குறைவுதான். இயந்திரத்தின் இரைச்சல் நாள் முழுக்கக் கேட்பவரின் செவித்திறனைக் குறைக்கும். ஒரு சோடி காதடைப்பும் சேர்த்துக் கொடுக்கலாம்.

வெட்டிய புல்லை என்ன செய்வது?

மூன்றில் ஒரு பங்கு விதிப்படி வெட்டியிருந்தால், அந்தத் துணுக்குகளை அப்படியே விட்டுவிடலாம். பச்சைப் புல்லில் முக்கால் பங்குக்கு மேல் நீர்தான். நம் வெப்பத்தில் சில நாட்களில் மக்கிவிடும். அதில் உள்ள நைட்ரஜனும் பொட்டாசியமும் மண்ணுக்கே திரும்பும். ஆண்டுக்குத் தேவையான நைட்ரஜனில் கால் பங்குவரை இப்படியே கிடைத்துவிடும். மாதம் ஒருமுறை வெட்டிக் குவிக்கும் நீண்ட புல்லை மட்டும் வாரி எடுத்துவிட வேண்டும். அது தரையை மூடி, அடியில் உள்ள புல்லை அழுகவைக்கும்.

துணுக்குகளை விட்டால் அடியில் கூளம் சேரும் என்று பலர் பயப்படுகிறார்கள். கூளம் சேர்வது உண்மை. ஆனால் அதற்குக் காரணம் இலைத் துணுக்குகள் அல்ல.

பச்சைக்கு அடியில் ஒரு பழுப்புப் பாய்

புல் தொடர்ந்து புதிய ஓடுதண்டுகளையும் வேர்களையும் உண்டாக்குகிறது. பழையவை இறக்கின்றன. தண்டிலும் வேரிலும் லிக்னின் என்னும் மரப்பொருள் அதிகம் இருப்பதால் அவை எளிதில் மக்குவதில்லை. மக்கும் வேகத்தைவிடச் சேரும் வேகம் அதிகமானால், இலைக்கும் மண்ணுக்கும் நடுவில் பாய்போன்ற ஒரு படலம் உருவாகிறது. அதைக் கூளப்படலம் எனலாம்.

அரை சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டர் வரை இது நல்லதே. மண்ணின் ஈரத்தைக் காக்கும், காலடியின் அழுத்தத்தைத் தாங்கும். அதற்கு மேல் தடித்தால் தொல்லை. மழைநீர் மண்ணுக்குள் இறங்காமல் வழிந்தோடும். உரம் மேலேயே தங்கிவிடும். வேர்கள் மண்ணுக்குள் போகாமல் கூளத்திலேயே ஓடும். நான்கு நாள் மழை இல்லையென்றால் அந்தப் புல் வாடிவிடும். புல்லின் தூரும் மண்ணிலிருந்து மேலே ஏறிவிடுவதால், அதே உயரத்தில் வெட்டினாலும் கத்தி தூரையே வழித்துவிடும்.

அதிக நைட்ரஜன் உரம், தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளிப்பது, இறுகிப்போன மண், மிகுந்த அமிலத்தன்மை, மண்புழுக்களையும் நுண்ணுயிர்களையும் கொல்லும் பூச்சிமருந்து ஆகியவை கூளத்தை வளர்க்கும். சோய்சியாவிலும் அருகிலும் இது அதிகம். கௌ கிராஸில் குறைவு.

உங்கள் தரையில் எவ்வளவு இருக்கிறது என்று நீங்களே அளக்கலாம். பழைய கத்தியால் முக்கோணமாக 7 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டி, ஒரு துண்டைக் கேக் எடுப்பதுபோல் எடுங்கள். மேலே பச்சை, கீழே மண், நடுவில் பஞ்சுபோன்ற பழுப்பு அடுக்கு. அந்த அடுக்கை ரூலரால் அளவெடுங்கள். ஒரு சென்டிமீட்டருக்குள் இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். ஒன்றேகால் சென்டிமீட்டரைத் தாண்டினால் கீறிவிட வேண்டிய நேரம். துண்டை மீண்டும் அதே குழியில் வைத்து மிதித்துத் தண்ணீர் ஊற்றினால் பிடித்துக்கொள்ளும்.

கீறிவிடுவது எப்போது?

செங்குத்தான கத்திகளையோ கம்பிப் பற்களையோ கொண்டு கூளத்தைக் கீறி மேலே இழுத்துப்போடும் வேலை இது. கையால் செய்ய விசிறி வடிவ இரும்பு வாரி போதும். பெரிய தரைக்கு இதற்கென்றே இயந்திரம் உண்டு.

இணையத்தில் தேடினால் வசந்த காலத்தில் செய்யுங்கள், செப்டம்பரில் செய்யுங்கள் என்று போட்டிருக்கும். அவை இங்கிலாந்து போன்ற குளிர்நாடுகளுக்கானவை. அங்கே உள்ள புல்வகைகள் 15 முதல் 24 டிகிரி செல்சியஸில் நன்றாக வளரும். அங்கே கீறிவிடுவது பெரும்பாலும் பாசியை அகற்றுவதற்காக. நம் புல்வகைகளுக்கு 27 முதல் 35 டிகிரிதான் சுகம். ஆக, மாதத்தின் பெயரை விட்டுவிட்டு அந்த அறிவுரையின் காரணத்தை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். கீறுவது ஒரு காயம். புல் மிக வேகமாக வளரும் காலத்தில் காயப்படுத்தினால்தான் அது விரைவில் ஆறும்.

நமக்கு வெப்பம் ஆண்டு முழுவதும் ஒரே அளவு. மாறுவது மழை. தீபகற்ப மலேசியாவின் மேற்குக் கரையில் பருவமாற்ற மழை தொடங்கும் ஏப்ரலும் அக்டோபரும் ஏற்றவை. சிங்கப்பூரில் பிப்ரவரி வறட்சி முடிந்து மழை கூடும்போது செய்யலாம். கிழக்குக் கரையில் நவம்பர் முதல் கொட்டும் வடகிழக்குப் பருவமழைக்கு நடுவில் வேண்டாம். திறந்த மண் கரைந்துபோகும். எந்த ஊரானாலும் வறட்சி நாட்களில் கீறக் கூடாது.

செய்முறை

ஒன்று. ஒரு வாரத்துக்கு முன்பே வழக்கத்தைவிடச் சற்றுக் குறைத்து வெட்டுங்கள். இரண்டு தடவையாக இறக்குங்கள், ஒரேயடியாக வேண்டாம்.

இரண்டு. மண் ஈரமாக இருக்க வேண்டும், சேறாக இருக்கக் கூடாது. மழை பெய்த மறுநாள் நல்ல நேரம்.

மூன்று. வாரியால் ஒரு திசையில் இழுங்கள். பிறகு அதற்குக் குறுக்காக இழுங்கள். இயந்திரமானால் கத்தி மண்ணைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி, அதிகபட்சம் 2, 3 மில்லிமீட்டர் மட்டும் மண்ணில் இறங்கும்படி வையுங்கள்.

நான்கு. மேலே வந்த கூளத்தை முழுவதும் அள்ளிவிடுங்கள். சிறிய தரையிலிருந்தே இரண்டு மூன்று சாக்கு வரும். பயப்பட வேண்டாம், அது உரக்குழிக்கு நல்லது.

ஐந்து. ஆற்று மணலும் சலித்த மண்ணும் கலந்து 3 மில்லிமீட்டர் கனத்துக்கு மெல்லத் தூவி, வாரியின் பின்புறத்தால் பரப்புங்கள். 20 சதுர மீட்டருக்கு 60 லிட்டர், அதாவது 10 லிட்டர் வாளியில் ஆறு வாளி போதும். கடற்கரை மணல் கூடாது, உப்பு புல்லைக் கெடுக்கும்.

ஆறு. தண்ணீர் விடுங்கள். ஒரு வாரம் கழித்துக் குறைந்த அளவில் உரம் போடுங்கள். மூன்று வாரம் அதன் மேல் நடமாட்டம் வேண்டாம்.

முதல் பத்து நாள் பார்க்கவே சகிக்காது. அருகம்புல் விரைவில் எழுந்துவிடும். சோய்சியாவுக்கு மாதக்கணக்கில் ஆகலாம். கூளம் 3 சென்டிமீட்டர்வரை தடித்திருந்தால் ஒரே தடவையில் எல்லாவற்றையும் எடுக்க முயல வேண்டாம். இரண்டு மூன்று பருவங்களில் பகுதி பகுதியாக எடுங்கள்.

முக்கியமான எச்சரிக்கை கௌ கிராஸ் வைத்திருப்பவர்களுக்கு. அருகுக்கும் சோய்சியாவுக்கும் மண்ணுக்குள் நிலத்தடித் தண்டு இருக்கிறது, மேலே கீறினாலும் அடியிலிருந்து துளிர்க்கும். கௌ கிராஸின் உயிர் தரைமேல் ஓடும் தண்டில்தான். அதில் இயந்திரத்தைவிட்டால் கூளத்தோடு புல்லும் பெயர்ந்து வந்துவிடும். அதற்கு வாரியால் இலேசாக வாருவதே போதும். விரித்து ஓராண்டு ஆகாத புல், நிழலில் மெலிந்த புல், பூஞ்சை நோய் கண்ட புல் ஆகியவற்றையும் கீறக் கூடாது.

கார் ஏறி இறங்கி மண் இறுகிப்போயிருந்தால் கீறுவதால் பயனில்லை. அங்கே மண்ணில் 8 முதல் 10 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு மணல் நிரப்ப வேண்டும். தோட்டக் கவைமுள்ளைக் குத்தி அசைத்து எடுத்தாலும் ஓரளவு காற்று போகும்.

பெரிய அரங்கங்களுக்கும் இதே பாடம்

2014-இல் திறக்கப்பட்ட சிங்கப்பூர் தேசிய விளையாட்டரங்கில், அதே ஆண்டு அக்டோபரில் பிரேசிலும் ஜப்பானும் மோதியபோது ஆடுகளத்தில் மணல் திட்டுகள் தெரிந்தன. புல் நன்றாக ஊன்றவில்லை. மறு ஆண்டே வேறு வகைப் புல்தரை விரிக்க வேண்டியதாயிற்று. கோலாலம்பூர் புக்கிட் ஜாலில் தேசிய அரங்கிலும் ஆடுகளத்தைப் பற்றிக் கடும் விமர்சனம் எழுந்து, அண்மை ஆண்டுகளில் கௌ கிராஸ் அகற்றப்பட்டுச் சோய்சியா வகை விரிக்கப்பட்டது. எவ்வளவு பணம் இருந்தாலும் வெளிச்சமும், இடத்துக்கு ஏற்ற புல்வகையும், வேர் ஊன்ற அவகாசமும் இல்லாமல் புல்தரை நிற்காது. இந்த மூன்றையும் கவனிக்க உங்கள் வீட்டு வாசலில் உங்களைத் தவிர வேறு ஆளில்லை.

ஆகவே அடுத்த முறை புல்வெட்டுபவர் வரும்போது ஒன்று செய்யுங்கள். மாதம் ஒருமுறை என்பதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று மாற்ற முடியுமா என்று பேசுங்கள். புல் குட்டையாக இருப்பதால் வேலை சீக்கிரம் முடியும், கூலியும் இரண்டு மடங்காக ஆக வேண்டியதில்லை. நான்கு விரலைச் சேர்த்து வைத்து, அதில் இரண்டு விரல் அகலத்துக்கும் சற்று அதிகமாகப் புல் நிற்கட்டும் என்று காட்டுங்கள். அது ஏறக்குறைய 4 சென்டிமீட்டர். சென்டிமீட்டர் கணக்கு எதுவும் சொல்லாமலே அவருக்குப் புரிந்துவிடும். மூன்று மாதம் பொறுத்திருந்து, அதே முக்கோணத் துண்டை மீண்டும் எடுத்து வேர் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பாருங்கள்.